ரிலீவர் வராத ராத்திரி

கடலூர் சிப்காட்டில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். வயது 28. கல்லூரியில் படிக்கும்போது கவியரங்கங்களில் பரிசு வாங்கியவராம். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாக ஒரு வரிகூட வரவில்லை என்கிறார். "மூட்டை பிடிக்கிறது, தைக்கிறது, எண்ணுறது, லாக் புக்ல எழுதுறது. இதுல கவிதை எங்க சார் இருக்கு? வேலையை விட்டாத்தான் எழுத வருமா?" இதுதான் கேள்வி. கூடவே, வம்படியாக உட்கார்ந்து எழுதிப் பார்த்த மூன்று கவிதைகளையும் வைத்திருந்தார்.

தம்பி, முதலில் அந்தக் கவிதைகள். மூன்றையும் இரண்டு தடவை படித்தேன். "இயந்திரங்களின் இரைச்சலில் இதயத்தைத் தொலைத்தேன்" என்று ஒன்று ஆரம்பிக்கிறது. இதை எழுத நீங்கள் வேண்டியதில்லை. சிப்காட் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர், ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதிவிடுவார். மற்ற இரண்டில் வியர்வை முத்தாகிறது, கடைசி வரியில் விடியல் வருகிறது. நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஆளுக்கு விடியல் என்றால் கண்ணெரிச்சலும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமும்தானே? அது எப்படி நம்பிக்கையின் சின்னம் ஆயிற்று என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கவிதை உங்கள் கடிதத்தில் இருந்தது. மூன்றாவது பத்தியில், வேலையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

"பி ஷிஃப்ட் பத்து மணிக்கு முடியும் சார். ரிலீவர் வரலன்னா போக முடியாது. கேட்டையே பாத்துக்கிட்டு நிப்பேன். கையில இருக்கிற டீ ஆறிடும். வர்ற ஒவ்வொரு வண்டி லைட்டும் அவன்தான்னு தோணும்."

இதைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். முப்பது வருஷம் பையன்களுக்கு ஐந்திணை நடத்தியவன். சிப்காட் இருப்பது கடலோரம், ஆகவே நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது வராதவரை நினைத்து வருந்திக் கிடப்பது. இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கரையில் யாரோ ஒருத்தி வண்டிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறாள். அவள் இடத்தில் இப்போது நீங்கள் சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். தலைவனுக்குப் பதில் ரிலீவர். அவ்வளவுதான் வித்தியாசம். தேர்மணி ஓசைக்குப் பதில் ஹெட்லைட்.

கவிதை என்று நினைத்து எழுதியபோது ஊரார் சொல்லைக் கடன் வாங்கினீர்கள். புலம்பல் என்று நினைத்து எழுதியபோது சொந்தச் சொல்லில் எழுதினீர்கள். உங்கள் கோளாறு இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. நேரமில்லாதது, மனசு வறண்டது எல்லாம் அப்புறம்.

'ரிலீவர்' என்ற சொல்லைக் கவிதையில் போடக் கூச்சப்பட்டிருப்பீர்கள். அது ஆங்கிலம், அது கம்பெனிச் சொல். 'மாற்றாள்' என்று எழுதினால் தமிழாகிவிடும், ஆனால் உங்கள் ஷிஃப்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? ஒரு தொழிலில் வருஷக்கணக்காகப் புழங்கிய சொல்லில் அந்த வேலையின் சூடு ஏறியிருக்கும். அதை உதறிவிட்டு வெளியே இருந்து அழகான சொல் கொண்டுவந்தால் சூடு போய்விடும்.

இன்னொரு சொல்லைப் பாருங்கள்: சங்கு. உங்கள் பக்கம் இப்போது சைரன் என்கிறார்களோ என்னவோ. புதுச்சேரியில், முதலியார்பேட்டைப் பக்கம் ரோடியர் மில் ஓடிய காலத்தில் எல்லாரும் மில் சங்கு என்றுதான் சொல்வார்கள். சங்கைக் கேட்டு உலை வைத்த வீடுகள் உண்டு. பட்டினத்தார் பாடல் ஒன்றில் மூன்று சங்கு வரும். முதல் சங்கு பிள்ளைக்குப் பால் புகட்டுவது, நடுச்சங்கு கல்யாணத்தில் விலங்கு பூட்டுவது, கடைச்சங்கு சாவில் ஊதுவது. அம்மட்டோ இம்மட்டோ நாம் வாழ்ந்த நலம் என்று முடித்துவிடுவார். ஆலைச் சங்கு அவர் காலத்தில் இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே, ஒரு நாளைக்கு மூன்று தடவை வீதம் முப்பது வருஷம் ஊதுகிற அந்த நாலாவது சங்கை எழுத வேண்டியவர் உங்களைப் போன்ற ஒருவர்தான்.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். நான் ஆசிரியன் ஆவதற்கு முன்னால் எட்டு வருஷம் அச்சுக் கோர்ப்பவன். 1979-இல், பதினேழு வயதில், புதுச்சேரி காந்தி வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்து, கையால் கோர்ப்பது. இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கையால் அறை அறையாக எழுத்து கிடக்கும் கேஸில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வைக்க வேண்டும். எழுத்து தலைகீழாக நிற்கும், கண்ணாடியில் தெரிவது மாதிரித் திரும்பியும் இருக்கும். ஆறு மாதத்தில் அது பழகிவிட்டது. பழகியபின், நேராக அச்சான காகிதத்தைப் பார்த்தால்தான் வினோதமாக இருந்தது. 'அம்மா' என்ற சொல்லில் இரண்டு ம இருப்பதை நான் முதன்முதலாகக் 'கண்டது' அப்போதுதான். அதற்கு முன் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

எங்களுக்கு வந்த வேலை முக்கால்வாசி இரண்டே வகை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. நடுவில் கொஞ்சம் பில் புக். அச்சடித்து முடித்ததும் ஃபாரத்தை, அதாவது கோர்த்துக் கட்டிய பக்கத்தை, மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போடுவோம். 'மங்களகரமான' என்பதில் நின்ற அதே ம, மறுநாள் 'மறைந்த' என்பதற்கு வந்து நிற்கும். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, விரலே சொல்லிற்று. ஒரு எழுத்தின் ஓரம் லேசாக உடைந்திருந்தால் அது எந்தப் பத்திரிகையில் எல்லாம் போய் உட்கார்ந்தது என்றுகூட அடையாளம் தெரியும். வளைவில் பல் போன ஒரு 'வ' எங்களிடம் இருந்தது. எத்தனையோ பேரை 'வருக வருக' என்று அழைத்த வ அது. கடைசியாக நான் அதைப் பார்த்தது ஒரு கருமாதிக் கார்டில், 'வருந்துகிறோம்' என்பதில்.

ஒருநாள் பெரிய தப்பு செய்தேன். ஒரு பக்கத்தைக் கோர்த்து முடித்தால் சுற்றிலும் நூல் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும், அப்போதுதான் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் போகலாம். நான் கட்டை இளக்கமாகப் போட்டுவிட்டேன். நாலு எட்டு வைப்பதற்குள் பக்கம் முழுதும் தரையில் கொட்டிப் போயிற்று. அரைநாள் வேலை. ஒரு கோவில் கும்பாபிஷேக நோட்டீஸ், சாயங்காலம் ஆள் வருவார்கள். எங்கள் பெரியவர் திட்டவில்லை. கீழே குந்தி எழுத்தைப் பொறுக்கிக்கொண்டே, "கட்டு நின்னாத்தான்டா எழுத்து நிக்கும்" என்றார்.

ஏழெட்டு வருஷம் கழித்து மாலைக் கல்லூரியில் யாப்பருங்கலக்காரிகை வகுப்பு. வாத்தியார் "யாப்பு என்றால் கட்டுதல்" என்றார். எனக்கு அந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் அதை இலக்கணச் சூத்திரமாகக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அது மண்ணெண்ணெய் வாசனையோடு வந்தது.

அதற்குப் பிறகு நம் செய்யுள் இலக்கணம் முழுதும் எனக்கு ஒரு தொழிற்பேட்டை மாதிரித் தெரிய ஆரம்பித்தது. எதுகை மோனைக்குப் பொதுப்பெயர் தொடை. பூவைத் தொடுப்பதும் தொடுத்தல்தான். பூக்காரம்மா "ஒரு கண்ணி கூடப் போட்டுத் தரேன்" என்கிறாரே, அதே கண்ணிதான் தாயுமானவரின் பராபரக் கண்ணி. தளை என்பது கட்டிப் போடுகிற கயிறு. நூல் என்றால் இழையும் நூல், புத்தகமும் நூல். நன்னூலின் பாயிரம் அதை விளையாட்டாகச் சொல்லாமல் சாங்கோபாங்கமாகவே சொல்கிறது: சொல்தான் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிறவள், வாய்தான் கை, மதிதான் கதிர். அதோடு விடாமல் அடுத்த வெண்பாவில் தச்சரிடம் போகிறது. மரத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது தச்சர் போடும் நூல், மனத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது புலவர் நூல் என்கிறது. பவணந்தி முனிவர் பட்டறைகளைப் பார்த்தவர் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறவர்களிடம் போய்ப் பேசிப் பாருங்கள். பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்புக்கும் பெயர் அச்சுதான். ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு முறுக்கிச் சேர்ப்பதை அச்சுப் பிணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றாக. புதுக்கவிதைக்காரர்கள் மரபைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதை அந்த ஒரு வேலை சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

உங்களிடமும் ஒரு நூல் இருக்கிறது. மூட்டை தைக்கிற மெஷின் போடுவது சங்கிலித் தையல். நுனியில் சரியான இழையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் கடகடவென்று முழுத் தையலும் பிரியும். தப்பான இழையைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும், கத்திதான் போட வேண்டும். அரிசி மூட்டை பிரிக்கிற வீடுகளில் தினம் நடக்கிற கூத்து இது. நாலு வருஷமாக அந்தத் தையலைப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறவர் நீங்கள். எங்கோ ஒரு ஊரில், முகம் தெரியாத ஒருவர், நீங்கள் போட்ட தையலின் எந்த இழையை இழுப்பது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறார். இதை வைத்து என்ன செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் சரக்கு.

சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலைச் சும்மா ஒருமுறை புரட்டுங்கள். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. அறுவை வாணிகன் இளவேட்டனார் ஜவுளி வியாபாரி. தங்கால் பொற்கொல்லனார், மருத்துவன் தாமோதரனார், கணக்காயனார் என்று ஒவ்வொருவர் பெயரிலும் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெண்ணிக் குயத்தியார் என்ற குயவர் குலத்துப் பெண், வெற்றி பெற்ற கரிகாலனிடமே 'உன்னைவிடத் தோற்றுப்போய் வடக்கிருந்தவன் நல்லவன் அல்லவா' என்று கேட்டுவிடுகிறார். இவர்கள் வேலையை விட்டுவிட்டு எழுதினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். பெயரிலிருந்து வேலை விடவில்லை, அது மட்டும் நிச்சயம்.

இதில் இரண்டு பாட்டை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும்.

ஒன்று நற்றிணை 284. வேலையாக வெளியூர் போன ஒருவனின் பாட்டு. நெஞ்சு 'அவளிடம் போய்விடலாம், வா' என்கிறது. அறிவு 'எடுத்த வேலையை முடிக்காமல் பாதியில் விட்டால் அறியாமை, அதோடு இளிவு. கொஞ்சம் பொறு' என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட உடம்பு என்ன ஆகும்? இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் தேய்ந்துபோன பழங்கயிறு போல அறுந்துவிடுமோ என்கிறான். 'தேய்புரிப் பழங்கயிறு'. எழுதியவரின் சொந்தப் பெயரே மறைந்து, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே நின்றுவிட்டது. அந்த உவமை எங்கிருந்து வந்தது? யானையைக் கட்டுகிற, கயிறு திரிக்கிற யாரோ ஒருவரின் அன்றாடத்திலிருந்து. கயிற்றில் புரி தேய்வது எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுப் பார்த்தவர்தான் 'தேய்புரி' என்பார். நான் எழுதியிருந்தால் 'பழைய கயிறு' என்று முடித்திருப்பேன். ரிலீவர் வராமல் கேட்டில் நிற்கிற உங்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரையே வேண்டாம்.

இன்னொன்று புறநானூறு 256. இது ஒரு ஆர்டர். ஆமாம், பட்டறைக்குப் போய்ச் சாமான் செய்யச் சொல்கிற ஆர்டர். கணவனை இழந்த பெண் குயவரிடம் வந்து நிற்கிறாள். 'கலம்செய் கோவே, கலம்செய் கோவே' என்று இரண்டு தடவை கூப்பிடுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆர்க்காலில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவனோடு எத்தனையோ சுரம் கடந்து வந்தவள் நான், எனக்கும் இரங்கி அந்த ஈமத்தாழியைக் கொஞ்சம் அகலமாக வனைந்துகொடு என்கிறாள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அச்சகத்தில் எத்தனையோ கருமாதிக் கார்டு ஆர்டர் எடுத்திருக்கிறேன். ஒரு அம்மா வந்து, "ஃபோட்டோவை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா? கார்டு பெருசானாலும் பரவாயில்ல" என்று கேட்டார். ஃபோட்டோவை அச்சடிக்க உலோகத்தில் பிளாக் செய்ய ஆகும் செலவை மட்டும் நான் சொன்னேன். அப்போது புறநானூறு படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் பிளாக்கின் விலையைத்தான் சொல்லியிருக்கவேண்டும், வேறு என்ன சொல்வது? ஆனால் அந்த அம்மாவின் முகம் நாற்பது வருஷமாக அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

உங்கள் பிளாண்டுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று. தோன்றியதை வாயிலேயே வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் இருந்தாக வேண்டும். எது தேறுமோ அதுதான் கேட்டைத் தாண்டி வெளியே வரும். ஏற்றம் இறைத்தவர்கள் அப்படித்தான் பாடினார்கள். எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே ஓடும், அலுப்பும் தெரியாது. கம்பரைப் பற்றி ஒரு கதை உண்டே. வழியில் ஒருவன் ஏற்றம் இறைத்துக்கொண்டு 'மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே' என்று பாடினானாம். அதோடு பொழுது சாய்ந்து நிறுத்திவிட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கவிச்சக்கரவர்த்திக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடிவந்து கேட்டால், 'தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே' என்று அவன்பாட்டுக்குத் தொடர்கிறான். நடந்ததோ இல்லையோ, கம்பரைத் தோற்கடிக்க நம் ஜனங்கள் வேறொரு புலவரைத் தேடவில்லை, ஏற்றக்காரனைத்தான் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் லாக் புக் மாதிரியே எழுதுங்கள். தேதி, ஷிஃப்ட், கண்ணில் பட்ட ஒரு பொருள், காதில் விழுந்த ஒரு பேச்சு. அவ்வளவுதான். உணர்ச்சி எழுதாதீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி அதைத்தான் செய்கிறது. 1736-இல் ஆரம்பித்து 1761 வரை, பிரெஞ்சுக்காரர்களிடம் பார்த்த துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வேலையின் ஊடே கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, முசே இன்னார் என்ன சொன்னார், எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். அவர் கவிதை எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார். இலக்கணப் பண்டிதர் யாரும் அந்தத் தமிழுக்கு மார்க் போடவும் மாட்டார். ஆனால் அந்தக் காலத்துப் புதுச்சேரி எப்படிப் பேசிற்று என்று கேட்க வேண்டுமானால் இன்றைக்கும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஐந்து சொல் உங்களுக்குத் தடை: இதயம், கனவு, வியர்வை, இயந்திரம், விடியல். இயந்திரத்துக்கு உங்கள் பிரிவில் என்ன பெயரோ அதை எழுதுங்கள். அந்த மெஷினுக்குப் பட்டப்பெயர் இருந்தால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்து பட்டப்பெயர் இல்லாத மெஷினே கிடையாது. காலால் மிதித்து ஓட்டும் எங்கள் ட்ரெடில் அச்சு மெஷினுக்குப் பெயர் 'மாமியார்'. காலை எடுத்தாலும் கொஞ்ச நேரம் நிற்காது.

உங்கள் தொழிற்சொற்களை ஒரு பக்கம் சேர்த்துவாருங்கள். இது சின்ன வேலை இல்லை. கி. ராஜநாராயணன் விவசாயி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், கரிசல் வழக்குக்கு அகராதி போட்டார். கடைசிக் காலம் முழுதும் நம் புதுச்சேரியில்தான் இருந்தார், 2021-இல் இங்கேதான் மறைந்தார். உங்கள் மாவட்டத்துக் கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர், நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்தார். ஸ்பேனர் பிடிக்கிற கை தொகுத்த அகராதி. பல்கலைக்கழகத் துறைகள் பக்கத்திலேயே இருந்தும் அந்த வேலை அவருக்காகக் காத்துக் கிடந்தது பாருங்கள்.

இனி, வேலையை விடலாமா என்ற கேள்வி. விடாதீர்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அதற்குக் காரணம் கவிதை இல்லை, வாடகை. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பத்து வருஷத்தில் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் கிடைத்தன. அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களும் இருந்தன. அவருடைய சீடர் கனகசுப்புரத்தினம், 1909-இல் வாத்தியார் வேலையில் சேர்ந்து 1946 வரை சம்பளம் வாங்கிக்கொண்டே பாரதிதாசனாகவும் இருந்தார். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் ப்ரூஃப் திருத்துவது உட்பட என்னென்னவோ வேலை பார்த்திருக்கிறார். எல்லா வழியிலும் ஆள் போயிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்துத் திருவாமூர்க்காரர் அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் கரையேறித் திருப்பாதிரிப்புலியூரில் போய்ப் பாடியவர், மிச்ச வாழ்நாள் முழுக்க ஒரு கையில் உழவாரப்படை வைத்துக்கொண்டு கோவில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். படத்தில் அவரை எப்போதும் அந்தக் கருவியோடுதான் போடுவார்கள். ஓலைச்சுவடியோடு போட்டால் நமக்கு அடையாளம் தெரியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் மோசடி ஆகிவிடும். ரிலீவர் வராத ராத்திரிகளில் நீங்கள் டபுள் பார்க்கிறீர்கள், பதினாறு மணி நேரம். மாதத்தில் ஐந்தாறு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கவிதை இருக்கிறது என்று நான் சொன்னதை, அதனால் அது நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினாறு மணி நேரம் மூட்டை பிடித்த ஆளுக்குத் தேவை தூக்கம். நோட்டு, லாக் புக் எல்லாம் அன்றைக்கு வேண்டாம். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுப் பன்னிரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. அது இந்த ஊரில் சட்டமானது அந்த ரத்தத்துக்குப் பிறகுதான். சட்டம் சொல்லும் நேரத்துக்கு மேல் ஆளை நிறுத்தினால் அதற்கு ஓவர்டைம் கணக்கு இருக்கிறது, அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் சங்கத்தில் எழுப்புங்கள். சங்கம் இல்லையென்றால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். மூட்டையில் இருந்து பறக்கும் தூசிக்கு மாஸ்க் தருகிறார்களா என்று கேட்க மறந்துவிட்டேன். அதையும் எழுதுங்கள்.

கவிதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்தப் பல் போன 'வ'வைப் பற்றி நான் இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. இன்றைக்குத்தான், உங்கள் புண்ணியத்தில். அதற்காக அந்த எட்டு வருஷமும் எனக்கு வறட்சியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் பத்தியை வெறுமனே வரி பிரித்து வைத்துப் பார்த்தேன். 'பி ஷிஃப்ட்' என்பதையும் 'சார்' என்பதையும் எடுத்தேன், கடைசியில் '-னு தோணும்' என்பதை எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

பத்து மணிக்கு முடியும்
ரிலீவர் வரலன்னா
போக முடியாது
கேட்டையே பாத்துக்கிட்டு நிப்பேன்
கையில இருக்கிற டீ ஆறிடும்
வர்ற ஒவ்வொரு வண்டி லைட்டும்
அவன்தான்

கடைசிக்கு முந்தின அடியில் நிறுத்தலாமா என்றுகூட யோசித்தேன். 'அவன்தான்' இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வந்துவிட்டான் என்றும் கேட்கிறது, வரவில்லை என்றும் கேட்கிறது. ஆனால் ஏழு அடியோடு இது முடியவில்லை என்று காது சொல்கிறது. ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் ரிலீவர் பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கும் இல்லையா? அவன் வராத ராத்திரி அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? கோடு போடுவீர்களா, உங்கள் பெயரையே மறுபடி எழுதுவீர்களா? அதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள்.